விபத்தில்லா நாளுக்குப் பரிசு: விபத்து குறையுமா, விபத்துச் செய்தி குறையுமா?

பட்டறை22 (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். சின்னதாக ஓர் உலோகப் பட்டறை நடத்துகிறேன். மொத்தம் 22 பேர், ஆறு பவர் பிரஸ், இரண்டு லேத், ஒரு கிரைண்டிங் பகுதி. நாங்கள் பாகங்கள் செய்து கொடுக்கும் பெரிய கம்பெனி இந்த வருடம் புதிதாக ஒரு நிபந்தனை போட்டிருக்கிறது. எழுத்தில் ஒரு பாதுகாப்புத் திட்டம் இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவர்களுடைய ஆடிட்டர் வந்து பார்ப்பார்.

சரி என்று ஓர் ஆலோசகரைப் பிடித்தேன். அவர் கொடுத்த திட்டம் எளிதாக இருந்தது. வாசலில் 'விபத்து இல்லாத நாட்கள்' என்று பெரிய பலகை. மூன்று மாதம் யாருக்கும் அடிபடவில்லை என்றால் எல்லாருக்கும் பரிசு. ஒருவருக்கு அடிபட்டாலும் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். ஐந்து வருடத்தில் எங்களிடம் லீவு போடுமளவுக்கு ஒரே ஒரு காயம்தான், அதனால் பரிசு சுலபமாகக் கிடைக்கும், ஆட்கள் உற்சாகமாவார்கள் என்கிறார்.

எனக்கு இரண்டு கேள்வி. முதலாவது, இந்தப் பலகை வேலை செய்யுமா? இரண்டாவதைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் கேட்கிறேன். இதற்கெல்லாம் செலவு செய்யும் முதலாளிக்கு என்ன கிடைக்கும்? நான் மெஷினுக்கு கார்டு (கை உள்ளே போகாமல் தடுக்கும் மறைப்பு) போட்டாலும் போடாவிட்டாலும் இன்சூரன்ஸ் பிரீமியம் ஒன்றாகத்தான் வருகிறது. சட்டமும் மனசாட்சியும் இருக்கட்டும், கணக்குப் புத்தகத்தில் ஏதாவது தெரியுமா?

ஆறாம்நம்பர்பிரஸ்

பலகை நன்றாக வேலை செய்யும் முதலாளி. காயத்தை மறைக்க.

நான் முன்பு இருந்த இடத்தில் அதே பலகை இருந்தது. அன்றைக்கு 87ஆம் நாள், 90இல் பரிசு. ஸ்கிராப் தட்டை இழுக்கும்போது அதன் விளிம்பு இடதுகை ஆள்காட்டி விரலைக் கிழித்துவிட்டது. பிசிறு சீவாத தகடு எப்படி வெட்டும் என்று உங்களுக்கே தெரியும், முதலில் வலிக்காது, வெள்ளையாகத் தெரியும், அப்புறம்தான் ரத்தம் வரும். காட்டன் வேஸ்ட்டைச் சுற்றி, மேலே இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதற்கு மேல் கையுறை மாட்டிக்கொண்டேன். ஷிஃப்ட் முடிய இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.

யாரும் மிரட்டவில்லை. பக்கத்து மெஷின் அண்ணன் பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். நாற்பது பேருடைய பரிசு என் ஒரு விரலில் தொங்கிக்கொண்டிருக்கும்போது நான் எப்படிப் போய் 'சூப்பர்வைசர் சார், ரத்தம் வருகிறது' என்று சொல்ல முடியும்? வெளியே ஒரு கிளினிக்கில் வீட்டில் கத்தி பட்டது என்று பொய் சொல்லி ஐந்து தையல் போட்டுக்கொண்டேன்.

பரிசு வந்தது. சுவர்க் கடிகாரம்.

இரண்டு வாரம் கழித்து அதே தட்டு, அதே விளிம்பு, இன்னொரு பையனின் மணிக்கட்டுப் பக்கம் நரம்பு வரைக்கும் போய்விட்டது. அதை மறைக்க முடியவில்லை. அப்புறம்தான் அந்த விளிம்பை மடித்து பீடிங் போட்டார்கள், அரை மணி நேர வேலை. அந்தக் கடிகாரம் இன்னும் ஓடுகிறது. மாட்டாமல் பரணில் போட்டிருக்கிறேன்.

சும்மாகேட்டேன்

தம்பி தப்பாக நினைக்க வேண்டாம். தட்டை ஒழுங்காகப் பிடித்து இழுத்திருந்தால் கிழித்திருக்காதே? எங்கள் பயிற்சியில் 100 விபத்தில் 88 தொழிலாளியின் தவறான செயலால்தான் என்று பாடமே நடத்தினார்கள். அப்படியென்றால் ஆளுக்குத்தான் ஊக்கம் கொடுக்க வேண்டும். பரிசு இருந்தால் கவனம் கூடும். பள்ளிக்கூடத்தில் மார்க் கொடுப்பதில்லையா?

பச்சைஹெல்மெட்

சும்மாகேட்டேன் சார், அந்த 88 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் உங்களுக்கே சந்தேகம் வரும். டிராவலர்ஸ் என்ற அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஹைன்ரிச் என்பவர் 1931இல் எழுதியது. அவர் பார்த்தது பெரும்பாலும் இன்சூரன்ஸ் கோப்புகளும் ஆலைகளின் விபத்து அறிக்கைகளும். விபத்து அறிக்கையை எழுதுவது யார்? சூப்பர்வைசர். சூப்பர்வைசர் 'தட்டின் விளிம்பை மடிக்காமல் விட்டது என் தப்பு' என்று எழுதுவாரா, 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதுவாரா? நானே ஆரம்பத்தில் நூறு அறிக்கையாவது அப்படி எழுதியிருப்பேன்.

பதினைந்து வருடமாகப் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். நாங்கள் படிக்கும் வரிசை வேறு. ஆபத்தை அடியோடு எடுத்துவிட முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் ஆபத்து குறைந்த வேறொன்றை வைக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் கார்டு, இன்டர்லாக் மாதிரி மெஷினிலேயே தடை. அதற்குப் பிறகுதான் விதிமுறையும் பயிற்சியும். கடைசியில்தான் கையுறை, ஹெல்மெட். 'கவனமாக இரு' என்பது அந்த வரிசையில் கடைசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏனென்றால் எட்டு மணி நேரமும் ஒரே மாதிரி கவனமாக இருக்கும் மனிதனை இதுவரை யாரும் பெற்றுப்போடவில்லை.

பலகையைப் பற்றி ஒரு கதை. கதையில்லை, நடந்தது. 2010 ஏப்ரல் 20, மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துளைமேடை. நாளிழப்புக் காயம் (வேலைக்கு வர முடியாமல் போகும் காயம்) ஒன்றுகூட இல்லாமல் ஏழு வருடம் ஓடியிருந்தது. அன்று மேடையை வாடகைக்கு எடுத்திருந்த பிபி எண்ணெய்க் கம்பெனி அதிகாரிகளும் மேடைக்குச் சொந்தமான டிரான்ஸ்ஓஷன் கம்பெனி அதிகாரிகளும் மேடைக்கே வந்திருந்தார்கள், அந்தச் சாதனையைப் பாராட்டுவதும் அவர்கள் வந்த காரியங்களில் ஒன்று. அன்று இரவே மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள்.

இன்னும் இருக்கிறது. அந்த 11 பேரில் 9 பேர் டிரான்ஸ்ஓஷன் ஆட்கள். அடுத்த ஆண்டு அதே கம்பெனி, 2010தான் தன் வரலாற்றிலேயே பாதுகாப்பில் மிகச் சிறந்த ஆண்டு என்று பங்குதாரர் ஆவணத்தில் எழுதி, உயர் அதிகாரிகளுக்குப் பாதுகாப்பு போனஸ் கணக்கிட்டது. எப்படி முடிந்தது? அவர்களுடைய சூத்திரத்தில் காயங்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது! ஊரே கொதித்த பிறகு அந்த அதிகாரிகள் போனஸை இறந்தவர் குடும்பங்களுக்கான நிதிக்குக் கொடுத்தார்கள். போனஸ் வாங்கியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சூத்திரம் எதை எண்ணியதோ அதைத்தான் கொடுத்தது.

சும்மாகேட்டேன்

எண்ணெய்க் கிணறு வேறு, பட்டறை வேறு சார்.

பச்சைஹெல்மெட்

வேறுதான். ஆனால் விரலில் கீறல் குறைந்ததை வைத்து ஆலை வெடிக்காது என்று முடிவு கட்டுவது எங்கேயும் ஒரே தப்புதான். 2005 மார்ச் 23, பிபியின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 15 பேர் செத்தார்கள், காயம்பட்டவர்கள் 180 பேர். பிறகு விசாரித்த குழு 2007இல் சொன்னது இதைத்தான்: வழுக்கி விழுவது, கை வெட்டுப்படுவது போன்ற ஆள் காயங்களின் விகிதத்தை வைத்தே பாதுகாப்பை அளந்தார்கள், வாயுவும் எண்ணெயும் ஓடும் பாகங்களின் நிலைமை அந்த எண்ணுக்குள் வராமலே இருந்தது.

மருந்துப்பெட்டி

நான் ஆலைகளில் முதலுதவி அறையில் இருந்த நர்ஸ். ஆறாம்நம்பர் தம்பி சொன்னதை மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன்.

என் மேஜையில் இரண்டு நோட்டு இருக்கும். ஒன்று விபத்துப் பதிவேடு, இன்னொன்று மருந்துச் செலவு நோட்டு. பரிசு மாதம் வந்தால் முதல் நோட்டு காலியாகிவிடும். இரண்டாவது நோட்டில் பேண்டேஜ், ஆயின்ட்மென்ட், வலி மாத்திரை எல்லாம் வழக்கம்போலத்தான் தீரும். நான் இதைப் பார்த்துவிட்டு ஒருநாள் மேலே கேட்டேன். 'சிஸ்டர், மருந்தைக் குறைத்து வாங்குங்கள்' என்று பதில் வந்தது.

அதைவிட நாசூக்கான வழிகளும் உண்டு. தையல் போட்டால் அது பதிவுக்குரிய காயம், ஸ்ட்ரிப் ஒட்டினால் முதலுதவி. ஆகவே 'தையல் வேண்டாமே சிஸ்டர், ஒட்டிப் பாருங்கள்' என்று சூப்பர்வைசரே கூட வந்து நிற்பார். கால் சுளுக்கியவரை மறுநாள் காரில் கூட்டிவந்து, ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, பேப்பர் அடுக்கச் சொல்வார்கள். நாள் இழக்கவில்லை, ஆகவே நாளிழப்புக் காயம் இல்லை! உண்மையிலேயே உடம்புக்கேற்ற இலகு வேலை கொடுப்பது நல்ல பழக்கம், ஆள் சீக்கிரம் தேறுவார். டாக்டரைக் கேட்டுக் கொடுக்கிறோமா, பலகையைக் கேட்டுக் கொடுக்கிறோமா என்பதுதான் விஷயம்.

முதுகுவலி, காது மந்தம், தூசியால் நுரையீரல் கெடுவது, இதெல்லாம் எந்தப் பலகையிலும் ஏறாது. கிரைண்டிங் பகுதி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே தூசி உறிஞ்சும் குழாய் இருக்கிறதா?

பட்டறை22

சிஸ்டர், ஃபேன் இருக்கிறது. உறிஞ்சும் குழாய் இல்லை. (எழுதும்போதே எப்படி இருக்கிறது என்று தெரிகிறது.)

தம்பியின் பதிவை மூன்று முறை படித்தேன். என் ஐந்து வருடத்து 'ஒரே ஒரு காயம்' உண்மையா என்று இப்போது எனக்கே நிச்சயமில்லை. ஆனால் இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பிரீமியம்கணக்கு

அந்தக் கேள்வி என் துறை. நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலை விபத்துக்கான இன்சூரன்ஸ் உலகம் முழுக்க ஒரே மாதிரி இல்லை. 1884இல் பிஸ்மார்க் காலத்து ஜெர்மனி தொடங்கிவைத்தது. அங்கே இன்றைக்கும் செலவு முழுக்க முதலாளிகள் தலையில்தான். துறைவாரியான சங்கங்களே இன்சூரன்சும் கொடுக்கும், ஆலைக்கு வந்து பாதுகாப்பையும் பார்க்கும். இழப்பீடு கொடுக்கும் கையே விபத்தைத் தடுக்கவும் வேண்டும் என்பது அதன் தர்க்கம்.

இன்னொரு வகை, எல்லாருக்கும் ஒரே சதவீதம். இந்தியாவின் இஎஸ்ஐ அப்படித்தான். சம்பளத்தில் முதலாளி 3.25, தொழிலாளி 0.75. ஆபத்தான ஆலைக்கும் அலுவலகத்துக்கும் அதே விகிதம். நிர்வாகம் எளிது, சின்னவனுக்குப் பாதுகாப்பு. ஆனால் கார்டு போட்டவனுக்குக் கழிவு இல்லை.

மூன்றாவது, அனுபவ விகிதம். உங்கள் ஆலையின் காயச் செலவை அதே துறையின் சராசரியோடு ஒப்பிட்டு பிரீமியத்தை ஏற்றுவது அல்லது இறக்குவது. ஜப்பானில் இதனால் விகிதம் 40 சதவீதம் வரை கூடலாம், குறையலாம். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் ஒரு பெருக்கெண் போடுவார்கள். 1.0 என்றால் சராசரி, 0.8 என்றால் பிரீமியத்தில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம், 1.3 என்றால் உதை. கட்டுமானத் துறையில் 1.0க்கு மேல் போனவர்களை டெண்டருக்கே விடாத வாடிக்கையாளர்கள் நிறைய. பிரீமிய மிச்சத்தைவிட அந்தக் கதவு அடைபடுவதுதான் பெரிய பயம்.

இதில் மூன்று சூட்சுமம்.

முதலாவது, காலதாமதம். அந்தப் பெருக்கெண்ணுக்கு மூன்று வருடக் கணக்கு எடுப்பார்கள், கடைசியாக முடிந்த வருடத்தை விட்டுவிட்டு. நீங்கள் இன்று கார்டு போட்டால் பலன் பிரீமியத்தில் தெரிய இரண்டு வருடமாவது ஆகும். மேனேஜர் அதற்குள் மாறிவிடுவார்.

இரண்டாவது, ஒரு பெரிய காயத்தைவிடப் பல சின்னக் காயங்கள் எண்ணை அதிகம் ஏற்றும்படி சூத்திரம் இருக்கிறது. காரணம் நியாயமானது. அடிக்கடி அடிபடும் இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது, பெரியது சிறியது என்பது பாதி அதிர்ஷ்டம். ஆனால் முதலாளிகள் என்ன செய்தார்கள்? சின்னக் காயத்துக்குத் தாங்களே கையிலிருந்து கட்டிவிட்டு இன்சூரன்சுக்குச் சொல்லாமல் விட்டார்கள். அதைச் சமாளிக்க, சிகிச்சைச் செலவு மட்டும் உள்ள காயத்தின் மதிப்பில் 30 சதவீதத்தை மட்டும் கணக்கில் எடுக்க ஆரம்பித்தார்கள். ஜப்பானில் வேலை விபத்தை மறைப்பதற்கென்றே 'ரோசாய் ககுஷி' என்று ஒரு சொல் உண்டு. சட்டப்படி குற்றம். அப்படியொரு சொல் பிறக்கிறது என்றால் பழக்கம் எவ்வளவு பரவலாக இருந்திருக்கும் என்று பாருங்கள்.

மூன்றாவதுதான் உங்களுக்கு முக்கியம். 22 பேர் உள்ள பட்டறையில் ஐந்து வருடத்தில் ஒரே ஒரு காயம் என்பது புள்ளியியலில் ஏறக்குறைய ஒன்றும் சொல்லாது. நாணயத்தை ஐந்து தடவை சுண்டி ஐந்தும் தலை விழுந்தால் நாணயம் நல்ல நாணயம் என்று ஆகிவிடுமா? அதனால்தான் பிரான்சில் 20 பேருக்குக் குறைவான நிறுவனத்துக்குத் துறைச் சராசரி விகிதமே, 150 பேருக்கு மேல் போனால்தான் முழுக்கத் தன் விபத்துக் கணக்கு, நடுவில் இருப்பவர்களுக்குக் கலப்பு. உங்கள் பிரீமியம் அசையாததற்குக் காரணம் இன்சூரன்ஸ்காரனின் அலட்சியம் மட்டும் இல்லை. உங்கள் எண்கள் பேசுவதற்குப் போதாது.

அதையே திருப்பிப் போடுங்கள். உங்கள் ஆலோசகர் பரிசு கொடுக்கச் சொல்வதும் அதே பேசாத எண்ணுக்குத்தான்.

பட்டறை22

சார், இந்தக் கடைசி வரி என்னை உட்கார வைத்துவிட்டது.

அப்படியானால் என்னைப் போன்ற சின்னவனுக்கு ஊக்கம் என்று ஒன்றுமே கிடையாதா?

பிரீமியம்கணக்கு

உண்டு, விபத்து எண்ணிக்கை வழியாக இல்லை, செய்த வேலை வழியாக. அமெரிக்காவின் ஓஹாயோ மாநில இழப்பீட்டு நிதியம், ஆபத்தைக் குறைக்கும் கருவி வாங்க முதலாளி 1 பங்கு போட்டால் தான் 3 பங்கு போடுகிறது, ஓர் உச்சவரம்பு வரைக்கும். தூசி உறிஞ்சி, தூக்கும் கருவி, மெஷின் கார்டு இதெல்லாம்தான் இப்படி வாங்கக்கூடியவை. விபத்தில்லை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. கருவியைக் காட்டினால் போதும். ஜெர்மன் சங்கங்களிலும் தடுப்பு வேலைக்கு ஊக்கத்தொகை கொடுப்பவை உண்டு.

இன்னொரு வகை, சோதனையிலிருந்து விலக்கு. அமெரிக்க அரசின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1982இல் தொடங்கிய தன்னார்வப் பாதுகாப்புத் திட்டத்தில் தேறிய ஆலைகளுக்கு வழக்கமான திட்டமிட்ட சோதனை கிடையாது. சின்ன நிறுவனங்களுக்கு அதே பாணியில் தனியாக ஒன்று: இலவச ஆலோசகர் வந்து பார்ப்பார், அபராதம் போட மாட்டார், ஆனால் கண்ட பெரிய ஆபத்துகளைச் சரிசெய்தாக வேண்டும். புகார் வந்தாலோ சாவு நடந்தாலோ விலக்கு கிடையாது.

ஆறாம்நம்பர்பிரஸ்

சோதனை வராது என்பதை எப்படி சார் பரிசு என்று சொல்கிறீர்கள்? சோதனை வருகிறது என்று தெரிந்தால்தான் எங்கள் பழைய இடத்தில் கார்டு எல்லாம் மெஷினில் ஏறும். போனதும் இறங்கிவிடும்.

பச்சைஹெல்மெட்

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. கலிபோர்னியாவில் குலுக்கல் முறையில் சோதனைக்குப் போன ஆலைகளையும், அதே மாதிரியான சோதனை போகாத ஆலைகளையும் ஒப்பிட்டு 2012இல் ஓர் ஆய்வு வந்தது. சோதனை நடந்த இடங்களில் காயம் 9.4 சதவீதமும் காயச் செலவு 26 சதவீதமும் குறைவு. வேலையோ விற்பனையோ பாதித்ததாகத் தெரியவில்லை. சோதனையே ஓர் ஊக்கம்தான், பரிசு மாதிரித் தெரியாது, அவ்வளவே.

சும்மாகேட்டேன்

சரி, பலகையை விடுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், இதற்கும் பதில் சொல்லுங்கள். ஆபத்தைக் காட்டுபவருக்குப் பரிசு என்று மாற்றினால் என்ன ஆகும்? எங்கள் இடத்தில் அதைச் செய்தார்கள். மாதம் ஆளுக்கு இரண்டு சீட்டு எழுதியே ஆக வேண்டும் என்று இலக்கு வேறு. மாதக் கடைசியில் எல்லாரும் உட்கார்ந்து 'நடைபாதையில் தண்ணீர்', 'டியூப் லைட் மினுக்குகிறது' என்று எழுதித் தள்ளினோம். ஒருவர் தண்ணீரைத் தானே ஊற்றிவிட்டு எழுதினார், நான் கண்ணால் பார்த்தேன். எதற்குக் காசு கொடுக்கிறீர்களோ அது கிடைக்கும், விபத்தில்லா நாளானாலும் சரி, சீட்டானாலும் சரி.

பச்சைஹெல்மெட்

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான் சார். என்னிடம் முழுப் பதில் இல்லை, பட்டதைச் சொல்கிறேன்.

சீட்டுக்குக் காசு வைத்தால் குப்பை வரும், இலக்கு வைத்தால் இன்னும் குப்பை வரும். அமெரிக்காவில் நாசா 1976 முதல் விமானத் துறைக்கு ஒரு புகார் ஏற்பாடு நடத்துகிறது. விமானி தன் தவறையே எழுதிப் போடலாம். காசு எதுவும் கிடையாது. பத்து நாளுக்குள் எழுதினால், வேண்டுமென்று செய்யாத விதிமீறலுக்குத் தண்டனையிலிருந்து தப்பலாம், எழுதியவர் பெயரும் நீக்கப்படும். காசில்லாமலே லட்சக்கணக்கில் வந்திருக்கிறது. எழுதினால் தன் தலைக்கு வராது என்ற நம்பிக்கைதான் அங்கே ஊக்கம்.

பட்டறையில் அதற்கு ஈடானது வேகம். திங்கள் எழுதின சீட்டுக்கு வியாழன் பதில் வர வேண்டும். முடியாது என்றாலும் ஏன் முடியாது என்று ஒரு வரி. மூன்று சீட்டு சரியாகிவிட்டதைப் பார்த்தால் நான்காவது சீட்டு தானாக வரும். முதல் சீட்டே அலமாரியில் தூங்கினால் பரிசு எத்தனை வைத்தாலும் டியூப் லைட்தான் வரும். பரிசு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சீட்டு எண்ணிக்கைக்குக் கொடுக்காதீர்கள், சரிசெய்து முடித்த ஆபத்துக்குக் குழுவாகக் கொடுங்கள்.

இன்னொன்று, ஓஷா 2016இல் கொண்டுவந்த விதிப்படி காயத்தைச் சொன்னதற்காக ஒருவரைத் தண்டிக்கக் கூடாது. பலகைப் பரிசெல்லாம் ஒழிந்தது என்று பலர் நினைத்தார்கள். 2018 அக்டோபரில் விளக்கம் கொடுத்தார்கள்: பரிசு வைக்கலாம், ஆனால் சொல்வதற்கு ஆட்கள் தயங்காமல் இருக்க வேறு ஏற்பாடும் கூடவே வேண்டும். என் கருத்தில் அது பாதிக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. ஒரு கை சொல்லாதே என்கிறது, இன்னொரு கை சொல் என்கிறது.

மருந்துப்பெட்டி

மேலே இருப்பவர் எதற்குக் கோபப்படுகிறார் என்பதைத்தான் ஆட்கள் பார்ப்பார்கள். அல்கோவா அலுமினியக் கம்பெனிக்கு 1987இல் தலைவராக வந்த பால் ஓநீல், பங்குதாரர்களிடம் லாபத்தைப் பேசாமல் தொழிலாளர் பாதுகாப்பைப் பேசியது பிரபலமான கதை. எனக்குப் பிடித்தது வேறு. மெக்சிகோ ஆலை ஒன்றில் வாயுவால் ஆட்களுக்கு உடம்புக்கு முடியாமல் போன செய்தியை மேலே சொல்லாமல் விட்ட ஓர் உயர் அதிகாரியை, லாபம் ஈட்டித் தருபவர் என்றும் பார்க்காமல் 1996இல் வீட்டுக்கு அனுப்பினார். விபத்து நடந்ததற்காக இல்லை, சொல்லாததற்காக.

ஆறாம்நம்பர்பிரஸ்

முதலாளி, உங்கள் ஆறு பிரஸ்ஸும் இரண்டு கைப் பொத்தானா, கால் மிதியா? பீஸ் கணக்கில் கூலியா?

பட்டறை22

இரண்டு கைப் பொத்தான் தம்பி, இரண்டு கையாலும் அமுக்கினால்தான் அடிக்கும், கை உள்ளே மாட்டாது, அதில் எனக்குப் பெருமை. மாதச் சம்பளம், ஒரு நாள் இலக்கைத் தாண்டினால் பீஸுக்கு ஊக்கத்தொகை.

ஆறாம்நம்பர்பிரஸ்

சாப்பாட்டு இடைவேளையில் யாரும் இல்லாதபோது போய் ஒவ்வொரு பொத்தானையும் தொட்டுப் பாருங்கள். கீழேயும் குனிந்து பாருங்கள்.

பட்டறை22

பார்த்தேன்.

நான்காவது பிரஸ்ஸின் வலது பொத்தானுக்கு அடியில், மேஜைக் காலுக்குப் பின்னால் ஒரு மரக்கட்டை. விரல் நீளம், ஒரு பக்கம் சரிவாகச் சீவியது. பொத்தானின் வளையத்துக்குள் செருகினால் அச்சாகப் பொருந்துகிறது, பொத்தான் அமுங்கியே நிற்கிறது. அப்புறம் ஒரு கையால் தகடு வைத்துக்கொண்டே மறு கையால் அடிக்கலாம். பொத்தான் பெட்டிக்கு வெறும் தொடர் இணைப்புதான், ஒரு பக்கம் எப்போதும் அமுங்கியிருந்தாலும் அதற்குத் தெரியாது.

அந்தக் கட்டை நேற்றுச் சீவியது இல்லை. எண்ணெயும் கையும் பட்டுப் பட்டுக் கறுத்து மழமழவென்று இருந்தது. எத்தனை வருடம் என்று தெரியவில்லை. நான் தினம் இரண்டு தடவை அந்த மெஷினைக் கடந்து போகிறேன்.

முதலில் கோபம்தான் வந்தது. யார் என்று கேட்கப் போனேன். பிறகு இந்த இழை ஞாபகம் வந்தது. பீஸ் ஊக்கத்தொகை கொடுத்தது நான். ஒரு கையால் அடித்தால் மணிக்கு எத்தனை பீஸ் கூடும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். நான் இன்சூரன்சில் தேடிய கணக்கை அவர் மெஷினிலேயே போட்டுவிட்டார்.

பிரீமியம்கணக்கு

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதைவிட நேரான பதிலை நான் எழுதியிருக்க முடியாது. ஊக்கத் திட்டம் உங்களிடம் ஏற்கெனவே இருந்திருக்கிறது, எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு.

பச்சைஹெல்மெட்

கட்டையைத் தூக்கிப் போட்டால் நாளைக்கு இன்னொன்று வரும். இரண்டு பொத்தானும் அரை வினாடிக்குள் சேர்ந்து அமுங்கினால்தான் அடிக்கும், ஒவ்வோர் அடிக்குப் பிறகும் இரண்டையும் விட்டால்தான் அடுத்தது என்கிற ரிலே இருக்கிறது. அதைப் போடுங்கள். கட்டிவைத்தால் மெஷின் நின்றுவிடும். முடிந்தால் முன்னால் லைட் கர்ட்டனும் (கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தும் ஒளித்திரை). யாரையும் கூப்பிட்டுக் கேட்காதீர்கள், கேட்டால் அடுத்த கட்டை உங்கள் கண்ணில் படாது.

சும்மாகேட்டேன்

ஒப்புக்கொள்கிறேன், இது கவனக்குறைவு இல்லை. நல்ல கவனமாகச் சீவியிருக்கிறார்.

பட்டறை22 (ஏழு வாரம் கழித்து)

சொல்லாமல் இருந்தால் இழை பாதியில் நிற்கும் என்று எழுதுகிறேன்.

பலகை மாட்டவில்லை. ஆறு பிரஸ்ஸுக்கும் அந்த ரிலே போட்டாயிற்று. கட்டையை யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. கூட்டம் கூட்டி, பிரஸ் பகுதிக்குப் பீஸ் ஊக்கத்தொகை கிடையாது, கடந்த ஆறு மாதச் சராசரியைச் சம்பளத்தோடு சேர்த்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். முதல் இரண்டு வாரம் உற்பத்தி கண்ணுக்குத் தெரிந்து இறங்கியது, இன்னும் முழுதாக ஏறவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. டை (பிரஸ்ஸில் மாட்டும் அச்சு) மாற்றும் நேரத்தைக் குறைத்து ஈடுகட்டப் பார்க்கிறோம்.

சீட்டுப் பெட்டி வைத்தோம், பெயர் எழுத வேண்டியதில்லை. முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது வாரம் ஒரே ஒரு சீட்டு, பென்சிலில்: 'ஸ்கிராப் தட்டு விளிம்பு'. ஆறாம்நம்பர் தம்பி, உன் நினைவுதான் வந்தது. அன்று மாலையே மடித்துவிட்டோம், எல்லார் முன்னாலும். அடுத்த வாரம் நான்கு சீட்டு. இப்போது மொத்தம் 19, அதில் 13 முடிந்தது. டியூப் லைட் ஒன்றுதான், அதுவும் உண்மையிலேயே மினுக்கியது. கிரைண்டிங் தூசி உறிஞ்சிக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன், வர நாளாகும். அதுவரை அங்கே சுழற்சி முறையில் ஆள், முகத்தில் சரியான மாஸ்க்.

போன வாரம் ஆடிட்டர் வந்தார். போன தடவைக்கான படிவத்தில் சின்னக் காயம் 0 என்று எழுதியிருந்தேன், இந்த முறை 6. எல்லாம் கீறல், ஒரு சுளுக்கு. ஏன் நிலைமை மோசமாகியிருக்கிறது என்று கேட்டார். சீட்டு நோட்டையும் அந்த மரக்கட்டையையும் மேஜையில் எடுத்து வைத்தேன். கட்டையைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அறிக்கையில் என்ன எழுதுவார் என்று இன்னும் தெரியாது.

மருந்துப்பெட்டி

மாஸ்க்கை மாற்றும் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அடைத்துப்போன பிறகும் அதையே மாட்டிக்கொண்டு நிற்பார்கள்.

ஆறாம்நம்பர்பிரஸ்

ஐந்தாவது பிரஸ்ஸின் பின்பக்க கார்டில் எத்தனை போல்ட் இருக்கிறது என்றும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள் முதலாளி. நான்கு இருக்க வேண்டும்.

பட்டறை22

இரண்டு.